செல்வராஜுக்குக் கொடுத்த ரெண்டு கேம்

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் லீக்கின் ஃபைனலை ஒரு பெண் எழுந்து நிறுத்தினார்.

பாதியில் நிறுத்தினார் என்றுகூடச் சொல்ல முடியாது. ஆட்டம் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை!

சண்டை போடவில்லை. சத்தம் போடவில்லை. ஒரு கேள்வி கேட்டார், அவ்வளவுதான். பதில் சொல்ல வேண்டியவன் நான்... லீக்கின் செயலாளர் ஆயிற்றே. வாரா வாரம் இந்தப் பக்கத்தில் உங்களிடம் இவ்வளவு வாயடிக்கிற நான், அன்றைக்கு வாய் கூசாமல் ஒரு பொய்யைச் சொன்னேன்.

வழக்கமாக என் வீட்டுக் கூத்தைச் சொல்லி உங்களைச் சிரிக்க வைப்பேன். இந்த வாரம் அது முடியாது போலிருக்கிறது. மனசு சரியில்லை. ஆனாலும் யாரிடமாவது சொல்லித்தான் ஆக வேண்டும். உங்களை விட்டால் எனக்கு யார்?

முதலில், என்ன லீக் என்று கேட்கிற புது வாசகர்களுக்கு. பெரம்பலூரில் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு மாடியில், பச்சைத் துணி போர்த்திய மேஜையில், குச்சியால் பந்தைத் தட்டிக் குழியில் தள்ளுகிற ஆட்டம். கேரம் போர்டுக்குக் கால் முளைத்தால் எப்படி இருக்கும்? அப்படி. வெள்ளைப் பந்தால் மற்ற பந்துகளைத் தட்ட வேண்டும். உங்கள் பங்குக்கான பந்துகளையெல்லாம் தள்ளிவிட்டு, கடைசியாக எட்டாம் நம்பர் கறுப்பைத் தள்ளினால் உங்களுக்கு ஒரு கேம். முதலில் ஐந்து கேம் எடுப்பவர் ஜெயித்தவர்.

இந்த ஆட்டத்துக்கு ஆங்கிலத்தில் சின்னதாக ஒரு பெயர் உண்டு. அதை அப்படியே தமிழில் எழுதினால் ஆசிரியர் கத்தரியைத் தூக்கிக்கொண்டு வருவார். மைக்கில் சொன்னாலோ, எங்கள் ஊரில் பெண்கள் எழுந்து போய்விடுவார்கள். ஆண்கள் சிரித்தே செத்துவிடுவார்கள். லீக்கின் முதல் கூட்டத்தில் நாங்கள் ரொம்ப நேரம் விவாதித்தது இந்தப் பெயரைப் பற்றித்தான், நம்புங்கள்! கடைசியில் 'எயிட் பால்' என்று கௌரவமாக வைத்து ஃபிளெக்ஸும் அடித்தோம்.

கடை பஷீர் பாயுடையது. லப்பைக்குடிகாட்டுக்காரர். வளைகுடாவில் ஒரு கிளப்பில் இருபது வருஷத்துக்கு மேல் இந்த மேஜைகளைத் துடைத்து, துணி மாற்றி, சாயங்காலம் முதலாளிமார்களோடு ஆடியும் பழகியவர். ஊர் திரும்பியதும் மளிகைக் கடை வைக்காமல் இதை வைத்தார். 'பாய்க்கு வெயில்ல மூளை குழம்பிப் போச்சு' என்று அவர் மச்சானே சொன்னார். அப்புறம் பார்த்தால் அரியலூரிலிருந்து வக்கீல்கள் வந்தார்கள், ஆலத்தியூரிலிருந்து ஃபேக்டரி ஷிப்ட் முடித்து வந்தார்கள், விக்கிரமங்கலத்திலிருந்து கடலைக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு வந்தார்கள். ஞாயிறுதோறும் லீக். செயலாளர், வேறு வேலை இல்லாத அடியேன். கமிட்டி என்று மூன்று பேர். நான், பாய், அரியலூர் கோர்ட்டில் பிராக்டிஸ் செய்கிற வக்கீல் இளங்கோ.

லீக் நடத்துவதென்றால் என்ன? சண்டை தீர்ப்பதுதான். 'ஒயிட்டு என் சட்டையில படல', 'அவரு கால் தரையில இல்ல', 'ஃபேனை நிப்பாட்டுங்க, பந்து நகருது'... ஃபேன் காற்றில் பந்து நகரும் என்று சத்தியம் செய்கிற ஆட்களை வைத்துக்கொண்டு லீக் நடத்திப் பாருங்கள், தெரியும்.

இதில் பெரிய சண்டை, 'அவரு பழைய கை, நான் புதுசு, எப்படிச் சமம்?' என்பது. அதற்கு பாய், கிளப்பிலிருந்து ஒரு வழியைக் கொண்டுவந்தார். நன்றாக ஆடாதவருக்கு ஆட்டம் ஆரம்பிக்கும் முன்பே ஒன்றோ இரண்டோ கேம் கணக்கில் சேர்த்துவிடுவது. மீதியை அவர் ஜெயித்தால் போதும். எனக்கு மூன்று கேம் கொடுத்திருந்தார்கள். லீக்கிலேயே அதிகம்! அதை வைத்துக்கொண்டும் நான் தோற்றேன் என்பது வேறு கதை. ஒருவர் தேறிவிட்டால், அந்தச் சலுகையைக் கமிட்டி வெட்டிவிடும்.

இந்தச் சலுகைக்கு உலகம் முழுக்க ஒரே பெயர்தான். ஹேண்டிகேப்.

நிறுத்திப் படித்தீர்களா? நாங்கள் நிறுத்தவில்லை. ஆட்டத்தின் பெயருக்கு அவ்வளவு உஷாராக இருந்த நாங்கள், இந்தச் சொல்லுக்கு எங்கள் ஊரில் ஒரே ஒரு அர்த்தம்தான் இருக்கிறது என்பதைக் கோட்டை விட்டோம். ஹேண்டிகேப் சர்ட்டிபிகேட், ஹேண்டிகேப் பஸ் பாஸ், ஹேண்டிகேப் கோட்டா. ஆளையே அப்படித்தானே சொல்கிறார்கள்? 'அந்த ஹேண்டிகேப் வந்தாரா?'

செல்வராஜ் எங்கள் லீக்கில் சேரும்வரை அது எங்களுக்கு உறைக்கவும் இல்லை.

வேப்பந்தட்டைப் பக்கம் ஊர். மக்காச்சோளம் அடிக்கிற மிஷினில் இடது கை மணிக்கட்டோடு போய்விட்டது. இப்போது பெரம்பலூரில் ஒரு எடை மேடையில் லாரிகளுக்குச் சீட்டுப் போடுகிறார். ஒருநாள் மாடியேறி வந்து, கொஞ்ச நேரம் சுவரோரமாக நின்று பார்த்துவிட்டு, "நான் ஆடலாமா பாய்?" என்று கேட்டார்.

பாய் தலையைக்கூடத் தூக்கவில்லை. "மணிக்கணக்குக்குக் காசு. துணியைக் கிழிச்சீங்கன்னா தனிக் காசு. செருப்பை அங்க வுடுங்க."

அன்றைக்குச் செல்வராஜ் வீட்டுக்குப் போய், இந்தப் பதிலைத்தான் ஏதோ பரிசு வாங்கிய மாதிரி சொல்லியிருக்கிறார். கையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லையாம். 'அச்சச்சோ' சொல்லவில்லையாம். துணியைக் கிழித்தால் காசாம்! எல்லோரிடமும் சொல்கிற அதே வார்த்தையாம்.

குச்சியைத் தாங்க இடது கை விரல்கள் வேண்டுமே? அவர் மணிக்கட்டில் ஒரு ஈரிழைத் துண்டைச் சுற்றி, மேஜையில் ஊன்றி, அந்தத் துண்டின் மடிப்பில் குச்சியை ஓட விட்டார். ஆரம்பத்தில் பந்து பறந்தது... ஒருமுறை பாயின் டீ கிளாஸ் உடைந்தது. பாய் அதற்கும் காசு வாங்கினார். கமிட்டி அவருக்கு ரெண்டு கேம் கொடுத்தது. அப்போது அது நியாயம். கற்றுக்குட்டிதானே? அதே நாளில் சேர்ந்த ஆலத்தியூர் முருகேசனுக்கும் ஒன்று கொடுத்தோம்.

ஆனால் ஒரு விஷயம். செல்வராஜ் பக்கத்தில் இருந்தால் நாங்கள் யாரும் அந்த ஆங்கிலச் சொல்லைச் சொல்ல மாட்டோம். 'பிளஸ் ரெண்டு' என்போம். என்ன ஒரு நாகரிகம் எங்களுக்கு!

அவர் வெறிபிடித்த மாதிரிப் பழகினார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் வந்து தனியாக அடித்துவிட்டுப் போவார். மழைக்காலம் முடிவதற்குள் முருகேசனை ஜெயித்தார், விக்கிரமங்கலத்துக்காரர்களை வரிசையாக ஜெயித்தார். என்னை ஜெயித்ததைச் சொல்ல வேண்டியதில்லை. என்னை எல்லோரும் ஜெயித்திருக்கிறார்கள்.

இப்படியாகத்தான் ஃபைனல் வந்தது. செல்வராஜ் ஒரு பக்கம். வக்கீல் இளங்கோ ஒரு பக்கம்.

ஃபைனல் என்பதால் முதல் தடவையாகக் குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தோம். வாடகை நாற்காலி, ரோஸ்மில்க், ஸ்பீக்கர், மைக். என் மனைவி வசந்தாவும் வந்தாள். 'இத்தன நாளா ஞாயித்துக்கிழமை எங்கதான் போறீங்கன்னு பாத்துடறேன்' என்று.

செல்வராஜ் தன் மனைவி மலர்க்கொடியைக் கூட்டி வந்திருந்தார். கல்யாணத்துக்கு உடுத்துகிற மாதிரி அரக்குப் பட்டுப் புடவை. தலை நிறையப் பூ. முன் வரிசையில் வசந்தாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, புருஷன் துண்டைச் சுற்றுவதையும் குச்சி முனையில் சாக் தேய்ப்பதையும் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். நாலு பேர் வந்து செல்வராஜின் தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள். அந்தப் பெண்ணின் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு!

பாய் மைக்கைப் பிடித்தார். மைக் கையில் வந்துவிட்டால் எங்கள் பக்கத்தில் யாருமே சும்மா பேச மாட்டார்கள். கபடிப் போட்டி வர்ணனை மாதிரி ஆரம்பித்துவிட்டார்.

"அரியலூர் கண்ட சிங்கம்... வக்கீல் இளங்கோ! ஹேண்டிகேப் இல்லை!" கைதட்டல். "அவரை எதிர்த்துக் களம் காண்பவர்... வேப்பந்தட்டை தந்த வேங்கை... செல்வராஜ்! ஹேண்டிகேப்! ரெண்டு!"

கைதட்டினோம். நானும்தான். போர்டில் செல்வராஜ் பெயருக்கு நேராக ரெண்டு என்று போட்டார்கள்.

மலர்க்கொடி கைதட்டவில்லை. வசந்தாவின் பக்கம் திரும்பி, "அக்கா, ஆட்டமே ஆரம்பிக்கலையே... அதுக்குள்ள எப்படிக்கா ரெண்டு?" என்று கேட்டிருக்கிறார்.

என் மனைவிக்கு இந்த ஆட்டத்தைப் பற்றி ஒரு இழவும் தெரியாது. நல்லெண்ணத்தில் சொல்லிவிட்டாள். "அது ஹேண்டிகேப்புக்குக் குடுக்குறது போல இருக்கும்மா. நல்லதுதானே?"

மலர்க்கொடி எழுந்தார். நேராக என்னிடம் வந்தார்.

"அண்ணே, இதை நிப்பாட்டுங்க."

குரல் உயரவில்லை. ஆனாலும் அந்த மாடி முழுக்கக் கேட்டது. பாய் மைக்கைக் கீழே இறக்கினார்.

செல்வராஜ் ஓடி வந்தார். "ஏ மலரு... உக்காரு. நீ நெனைக்கிறது இல்ல இது. புதுசா ஆடுறவங்களுக்குக் குடுக்குறது. கைக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. அண்ணனுக்கே மூணு இருக்கு, கேட்டுப் பாரு!"

"ஆமாம்மா, எனக்கு மூணு," என்றேன். எவ்வளவு பெருமையாகச் சொன்னேன் தெரியுமா? பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று நினைத்தேன்.

அந்தப் பெண் கொஞ்சம் யோசித்தார். கோபம் தணிந்த மாதிரிதான் இருந்தது. அப்புறம் கேட்டார்.

"புதுசா ஆடுறவங்களுக்குத்தான்னா சரிண்ணே. ஆனா இவரு எல்லாரையும் ஜெயிச்சு ஃபைனலுக்கே வந்துட்டாரே... இன்னமும் எதுக்குண்ணே அந்த ரெண்டு?"

இதுதான் அந்தக் கேள்வி.

செல்வராஜ் என்னைப் பார்த்தார். 'ரூல் அப்படித்தான்னு சொல்லுங்கண்ணே' என்று கெஞ்சுகிற பார்வை. நான் பாயைப் பார்த்தேன். பாய் இளங்கோவைப் பார்த்தார். இளங்கோ தன் குச்சியின் நுனியைப் பார்த்தார்.

ஏனென்றால் எங்கள் மூவருக்கும் பதில் தெரியும். லீக் பாதியில் கமிட்டி கூடியது. யார் தேறியிருக்கிறார், யாருக்கு வெட்டலாம் என்று. முருகேசனின் ஒன்றை ஒரே நிமிடத்தில் வெட்டினோம். அடுத்து செல்வராஜ். அந்தத் தேதிக்கு அவர் முருகேசனைவிட நன்றாக ஆடிக்கொண்டிருந்தார். மூன்று பேருக்கும் தெரியும். "இருந்துட்டுப் போவட்டுமே," என்றார் இளங்கோ. "ஆமாங்க, நமக்கு அல்லா என்ன கொறை வச்சான்," என்றார் பாய். நான் ஒரே ஒரு வார்த்தை சொன்னேன். "பாவம்."

அதோடு அடுத்த ஆளுக்குப் போய்விட்டோம். சூடாக வாழைக்காய் பஜ்ஜி வந்தது, சாப்பிட்டோம். புண்ணியம் செய்த திருப்தி வேறு!

இதை எப்படி அந்தப் பெண்ணிடம் சொல்வது? "அது... மறந்துட்டோம்மா," என்றேன்.

பின்னாலிருந்து முருகேசன், பாவி, யோசிக்காமல் பேசிவிட்டான். "என்ன சார் மறந்துட்டோம்ங்கறீங்க? எனக்கு மட்டும் அன்னைக்கே வெட்டுனீங்களே!"

செல்வராஜின் முகம் மாறியதை நான் பார்த்தேன். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மெதுவாக முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மலர்க்கொடிக்குத்தான் அழுகை வந்துவிட்டது. "ஊருல இவரைப் பேரு சொல்லி யாரும் கூப்புடுறதில்லண்ணே. 'அந்தக் கையில்லாதவன்'னுதான் சொல்வாங்க. இங்க மட்டுந்தான் மலரு, நானும் நாலு பேரு மாதிரின்னு சொல்லுவாரு. தெனமும் சொல்லுவாரு. அதைப் பாக்கத்தான் வந்தேன்."

செல்வராஜ் போர்டுக்குப் போனார். ரெண்டை அழித்தார். சைபர் போட்டார். "ஆரம்பிக்கலாம் பாய்," என்றார்.

ஆட்டத்தைப் பற்றி நீட்டி முழக்கப் போவதில்லை. முதல் மூன்று கேமை இளங்கோ எடுத்துவிட்டார். செல்வராஜால் ஒன்றும் முடியவில்லை. நேர்ப் பந்தெல்லாம் விலகிப் போயிற்று. பார்க்கவே கஷ்டமாக இருந்தது. அப்புறம் எங்கிருந்து வந்ததோ... ஒன்று எடுத்தார். இன்னொன்று. இளங்கோ நான்காவதை எடுத்தார். செல்வராஜ் விடவில்லை, மூன்றாவதை எடுத்தார். பழைய கணக்கு இருந்திருந்தால் அங்கேயே அவர் ஜெயித்திருப்பார். அவர் போர்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அடுத்ததையும் எடுத்தார்.

நாலுக்கு நாலு.

கடைசி கேம். இரண்டு பேருமே தங்கள் பந்துகளையெல்லாம் தள்ளியாகிவிட்டது. மேஜையில் வெள்ளையும் கறுப்பும் மட்டும். கறுப்பு, குழியின் வாயில் நிற்கிறது. இளங்கோவின் முறை. அந்தப் பந்தை நான் அடித்தாலும் விழும். நானே அடித்தாலும் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

இளங்கோ குனிந்தார். ரொம்ப நேரம் குனிந்தே இருந்தார். அடித்தார்.

விழவில்லை. கறுப்பு குழியின் ஓரத்தில் இடித்து, அங்கேயே ஆடி நின்றது.

செல்வராஜ் கறுப்பைப் பார்த்தார், இளங்கோவைப் பார்த்தார். குழியை விரலால் காட்டினார். கறுப்பை எந்தக் குழியில் தள்ளப்போகிறோம் என்று சொல்லிவிட்டு அடிப்பது எங்கள் வழக்கம். குனிந்து, துண்டை ஊன்றி, தொட்டார். விழுந்தது.

கைதட்டினோம் பாருங்கள்... அப்படி ஒரு கைதட்டல். விசில் வேறு. வழக்கமாக எங்கள் லீக்கில் யார் ஜெயித்தாலும் அரைமனதாக நாலு தட்டுதான். அன்றைக்குத் தேவைக்கு மேல் தட்டினோம். தட்டிக்கொண்டிருக்கும்போதே அது எனக்குப் புரிந்தது. நிறுத்தத்தான் தெரியவில்லை.

செல்வராஜ் வக்கீலின் கையைப் பிடித்துக்கொண்டார். விடவில்லை.

"சார், நெசமாவே தவறிடுச்சா?"

"அட, என்ன செல்வராஜ்... நீங்க ஜெயிச்சுட்டீங்க. போய்க் கப்பை வாங்குங்க, போங்க!"

"நெசமாவே தவறிடுச்சான்னு கேட்டேன் சார்."

இளங்கோ சிரித்தார். அதற்குள் நாலு பேர் வந்து கட்டிப்பிடித்து, ரோஸ்மில்க் கொடுத்து, போட்டோ எடுக்க இழுத்து... கூட்டம் கலைந்த பிறகு பார்த்தால் செல்வராஜ் கிளம்பிக்கொண்டிருந்தார். "கப்பு இங்கயே இருக்கட்டும் பாய். பொறவு பாத்துக்கலாம்," என்றார். மலர்க்கொடி பின்னாலேயே போனார். படியில் வசந்தாவின் கையைப் பிடித்து, "நான் வாயைத் தொறக்காம இருந்திருக்கணும்க்கா," என்றாராம்.

வீட்டுக்கு வந்ததும் வசந்தா என்னைப் பிடித்துக்கொண்டாள். "அந்தப் புள்ள எதுக்கு வாயை மூடிக்கிட்டு இருக்கணும்? மூட வேண்டியது நீங்க மூணு பேரு. இல்ல, தொறக்க வேண்டியது! நேருக்கு நேரா, 'நீ தேறிட்ட, இனிமே உனக்குச் சலுகை கெடையாது'ன்னு சொல்ல என்ன கேடு? அதைச் சொல்லிருந்தா அந்த மனுஷன் அன்னைக்கு வூட்டுல பாயசம் வைக்கச் சொல்லிருப்பாரு."

எவ்வளவு சரி! ஒருவருக்குக் கொடுப்பதைவிட, அவரிடமிருந்து ஒன்றை வெட்டுவதுதான் சில நேரம் மரியாதை. முருகேசனுக்கு அந்த மரியாதையைக் கொடுத்தோம். அவன் அன்றைக்கு எங்களைக் கன்னாபின்னாவென்று திட்டினான். செல்வராஜுக்குத் திட்டுகிற வாய்ப்பைக்கூட நாங்கள் கொடுக்கவில்லை.

புதன்கிழமை செல்வராஜ் போன் செய்தார். நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். அவர் கேட்கவில்லை.

"அதை வுடுங்கண்ணே. ஒரே ஒரு உதவி. வக்கீல் சார் அந்தப் பிளாக்கை வேணும்னு வுட்டாரா, இல்ல தவறிடுச்சா... அது மட்டும் எனக்குத் தெரியணும். தவறுனதுதான்னா வந்து கப்பை எடுத்துக்கறேன். ஞாயித்துக்கிழமை பழையபடி ஆட வரேன். வேணும்னு வுட்டிருந்தாலும் கோவமில்லண்ணே. ஆனா வர மாட்டேன். எங்கிட்ட அவரு சொல்ல மாட்டாரு. நீங்க கேட்டுச் சொல்லுங்க."

வியாழக்கிழமை அரியலூருக்கு பஸ் ஏறினேன். கோர்ட்டுக்கு எதிரில் டீக்கடையில் இளங்கோவைப் பிடித்தேன். கறுப்புக் கோட்டை மடித்துக் கையில் போட்டுக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்ததுமே எதற்கு வந்திருக்கிறேன் என்று தெரிந்துவிட்டது.

"நானே தூங்கி நாலு நாளாச்சுண்ணே," என்றார்.

"உண்மையைச் சொல்லுங்க. வேணும்னு விட்டீங்களா?"

டீயைக் கீழே வைத்தார்.

"குனிஞ்சேன். இதைப் போட்டா அவரு தோத்துடுவாரேன்னு ஒரு நெனப்பு வந்துச்சு. வந்துச்சுண்ணே, மறைக்கல. அந்தம்மா அங்க உக்காந்துருக்காங்க. உடனே, சே, அப்படி நெனைக்கிறதுதானே தப்பு, அதுக்குத்தானே இவ்வளவும்னு தோணுச்சு. ஒழுங்கா அடிக்கணும்னுதான் அடிச்சேன். ஒழுங்காத்தான் அடிச்சேன்னு நெனைக்கிறேன். ஆனா கை போவலையேண்ணே..."

"அப்ப தவறினதுதானே?"

"தெரியலண்ணே. கூண்டுல ஏத்திச் சத்தியம் வாங்குனாலும் இதைத்தான் சொல்லுவேன். எனக்கே தெரியல."

பெரம்பலூர் வந்து பாயிடம் சொன்னேன். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். அன்றைக்கு மைக்கில் கத்தியதிலிருந்து மனுஷன் சரியாகப் பேசுவதே இல்லை. "தவறுனதுதான்னு சொல்லிடுங்க சார்," என்றார். "ஒரு மனுஷன் மனசு ஆறுறதுக்குச் சொல்ற பொய்யி. அல்லா மன்னிப்பான். இன்ஷா அல்லா, ஞாயித்துக்கிழமை அவரு வந்துடுவாரு."

எனக்கும் அதுதான் ஆசை. ஒரு வார்த்தை. 'தவறினதுதான் செல்வராஜ், நானே கேட்டேன்.' அவர் மாடியேறி வந்துவிடுவார். துண்டைச் சுற்றுவார். மலர்க்கொடியிடம் சொல்வார். யாருக்கு என்ன நஷ்டம்? ராத்திரியெல்லாம் இதையே மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். சொல்லச் சொல்ல, பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டே சொன்ன அந்த 'பாவம்' மாதிரியே கேட்டது. ஏற்கெனவே ரெண்டு கேம் கொடுத்தாயிற்று. இந்தப் பொய் மூன்றாவது.

நேற்று வெள்ளிக்கிழமை போன் செய்து உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டேன். இளங்கோ சொன்னதை ஒரு வார்த்தை கூட்டாமல், குறைக்காமல்.

அந்தப் பக்கம் லாரி ஹாரன் கேட்டது. யாரோ 'சீட்டுப் போடுங்கண்ணே, நேரமாவுது' என்று அவசரப்படுத்துவது கேட்டது. லைனில் இருக்கிறாரா என்று இரண்டு தடவை கேட்டேன்.

"இருக்கேண்ணே," என்றார். "பொய் சொல்லாம சொன்னீங்க பாருங்க... அதுக்கு ரொம்ப நன்றிண்ணே."

"ஞாயித்துக்கிழமை வாங்க செல்வராஜ். சைபர்லேர்ந்து ஆடலாம். யாருக்கும் எதுவும் கிடையாது."

"வந்து?" என்று கேட்டார். கோபமாக இல்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார். "இனிமே எதிர்ல ஆடுறவரு ஒரு பந்தைத் தவற வுட்டா, நான் அவரு மூஞ்சியைத்தானே பாக்க வேண்டியிருக்கும்? பந்தைப் பாக்க முடியாதேண்ணே. வக்கீல் சாருக்கே தெரியலன்னா, நான் ஜெயிச்சனா இல்லையான்னு வேற யாருக்குண்ணே தெரியும்?"

மறுபடியும் லாரி ஹாரன் கேட்டது. "லோடு நிக்குதுண்ணே, வச்சிடறேன்," என்று வைத்துவிட்டார்.

நாளை ஞாயிற்றுக்கிழமை. லீக் உண்டு. என்ன செய்வதென்று தெரியவில்லை. எனக்குக் கை ரெண்டும் நன்றாகத்தான் இருக்கிறது... பிசைந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.